எள்ளும் வெல்லமும் இன்சொல்லும்

புனே நகரத்து எள் மிட்டாயின் வரலாறும் வணிகமும்

எள்ளையும் உப்பையும் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் நேரே கையில் வாங்கலாகாது என்பது நம் வீடுகளில் இன்றும் வழங்கும் நம்பிக்கை. நீத்தார் கடனுக்குரிய தானியமாக எள்ளைக் கண்டு பழகியதால் வந்த தயக்கம் அது. கொடுப்பவர் கீழே வைப்பார், பெறுபவர் எடுத்துக்கொள்வார்.

இந்தப் பழக்கத்தோடு தமிழகத்திலிருந்து பணி மாறுதலில் புனே வந்து சேர்ந்த நமக்கு முதல் ஜனவரியிலேயே ஒரு வியப்புக் காத்திருந்தது. ஊரில் பொங்கல் பானை பொங்கும் நாளில் இங்கே வங்கிக்கு விடுமுறை இல்லை. காலையில் கிளை திறந்ததும் முதலில் வந்தவர் ஒரு முதியவர். இரண்டு வாரங்களுக்கு முன்னர் பாஸ்புக்கில் ஒரு பதிவு விடுபட்டுப் போனதற்காக நம்மிடம் உரத்த குரலில் வழக்காடிச் சென்றவர். அவர் வருவதைக் கண்டதும் நாம் சற்று எச்சரிக்கையாகவே அமர்ந்திருந்தோம். அவரோ சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு பொட்டலத்தை எடுத்து, ஓர் எள்ளுருண்டையை நம் உள்ளங்கையில் அழுத்தி வைத்தார். "எள்வெல்லம் எடுத்துக்கொள்ளுங்கள், இனிமையாகப் பேசுங்கள்" என்று பொருள்படும் மராத்தி வாழ்த்தைச் சொல்லிச் சிரித்தார். கையை விலக்கிக்கொள்ள நேரமில்லை. விலக்கவும் மனம் வரவில்லை. அன்று மாலைக்குள் நம் மேசையில் எள் மிட்டாய்ப் பொட்டலங்கள் சிறு குன்றாகக் குவிந்திருந்தன.

அந்த உருண்டையின் வரலாற்றையும், அதை விற்று வாழும் குடும்பங்களின் கணக்கையும் பின்னர் நாம் சிறிது சிறிதாக அறிந்துகொண்டோம். அவ்வாறு அறியும் வழியில் ஒரு பிழையும் செய்தோம். வாசகர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் அவை யாவற்றையும் இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

பெயரிலேயே உறவு

மராத்தியில் எள்ளுக்குத் 'தீள்' என்று பெயர், வெல்லம் 'கூள்'. இரண்டும் சேர்ந்தால் 'திள்கூள்'. நம் தமிழின் ளகர ஒலி மராத்தியிலும் உண்டு என்பதால், இந்தச் சொல்லைத் தமிழர் நாவு எளிதில் பற்றிக்கொள்கிறது. எள்ளோடு நமக்குள்ள உறவும் பழையதுதான். எள்ளின் நெய்யே 'எண்ணெய்' ஆயிற்று. பின்னர் அச்சொல் எல்லா விதைகளின் நெய்க்கும் பொதுப்பெயராயிற்று. வடமொழியிலும் 'தில' என்னும் எள்ளிலிருந்தே 'தைலம்' பிறந்தது. இரு மொழிகளுமே எண்ணெய் என்ற பொருளுக்கு எள்ளையே தாயாகக் கொண்டிருக்கின்றன. ஹரப்பா அகழாய்வில் கருகிய எள் விதைகள் கிடைத்திருப்பதும் இப்பயிரின் தொன்மைக்குச் சான்று.

எள் விதையில் ஏறத்தாழப் பாதி எண்ணெய். உடலுக்கு வெம்மை தரும் உணவு என்று நம் முன்னோர் அதனைக் கருதினர். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்னும் பழமொழி நாமறிந்ததே. தக்காணப் பீடபூமியில் அமைந்த புனேயில் ஜனவரி இரவுகள் குளிர் மிகுந்தவை. கதிரவன் மகர ராசிக்குள் புகும் அந்த நாள்களில் எள்ளும் வெல்லமும் உண்பது காலத்திற்கேற்ற உணவு முறையாகவே தொடங்கியிருத்தல் வேண்டும். சங்கராந்திக்கு முந்தைய நாளான போகியன்று, எள் தூவிய கம்பு ரொட்டியையும் பல காய்கள் கலந்த குழம்பையும் இங்குள்ளோர் உண்கின்றனர். சங்கராந்தியன்று எள்ளும் வெல்லமும் பூரணமாக வைத்த போளி இலைக்கு வருகிறது.

ஒரு விதை, மூன்று வடிவம்

புனேயின் எள் மிட்டாயை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது மென்மையான உருண்டை. வறுத்த எள், வெல்லம், சிறிது பொடித்த வேர்க்கடலை, ஏலம் ஆகியன சேர்ந்தது. நம் எள்ளுருண்டைக்கு உடன்பிறப்பு. இரண்டாவது 'வடி' எனப்படும் வில்லை. பாகு நன்கு முற்றிய பதத்தில் எள்ளைக் கொட்டி, பலகையில் பரப்பித் தேய்த்து, சூடு ஆறுமுன் கத்தியால் கீறி எடுப்பது. இதற்கு எல்லா வெல்லமும் ஏற்றதன்று. 'சிக்கி வெல்லம்' என்றே ஒரு வகை டிசம்பர் மாதத்தில் புனேச் சந்தைக்கு வருகிறது. அதன் பாகு துளியைக் குளிர்ந்த நீரில் இட்டால் கண்ணாடிபோல் உறைந்து, ஒடித்தால் 'டக்' என முறியும். சாதாரண வெல்லத்தில் செய்த வில்லை பல்லில் ஒட்டும். சிக்கி வெல்லத்தில் செய்தது நொறுங்கும். வாடிக்கையாளர் மறுமுறை வருவதும் வராததும் அந்த ஒலியில்தான் இருக்கிறது என்று வணிகர்கள் சொல்வதுண்டு.

மூன்றாவது வகையின் பெயர் தமிழரைத் திகைக்க வைக்கும். அதற்கு 'ஹல்வா' என்று பெயர். ஆனால் திருநெல்வேலி அல்வாவுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. அகன்ற தட்டில் எள்ளை இட்டு, மெல்லிய கரியடுப்புச் சூட்டில் வைத்து, சர்க்கரைப் பாகைக் கரண்டி கரண்டியாகச் சிறிது சிறிதாக விட்டு, விரல்களால் ஓயாமல் உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வோர் எள்ளின்மேலும் பாகு படிந்து உறைந்து, சிறு சிறு முள்கள் எழும்பும். வெண்ணிற விண்மீன்களைப்போல் அவை தோன்றும். முள் உடையது என்னும் பொருளில் அதனை மராத்தியர் 'காட்டேரி ஹல்வா' என்பர். அச்சொல்லை முதன்முறை கேட்டபோது நாம் சற்று அஞ்சியதை மறைப்பதற்கில்லை!

இந்த முள் எழும்புவதற்குக் குளிரும் உலர்ந்த காற்றும் வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்தால் முள் எழாமல் மழுங்கிப்போகும். சூடு மிகுந்தால் பாகு பழுப்பேறும். ஆகவே இது பெரும்பாலும் குளிர்காலத்தில் விடியற்பொழுதில் செய்யப்படும் தொழில். ஒரு தட்டு ஹல்வா முழுமை பெறப் பல மணி நேரம் ஆகும். பாகின் வெம்மையில் விரல்கள் சிவந்துபோகும். அந்தப் பொறுமையே இதன் விலை.

நாள்காட்டி விற்றுத் தரும் சரக்கு

வணிகவியல் பயின்றவர் என்ற முறையில் நம்மைக் கவர்ந்தது இம்மிட்டாயின் விற்பனை முறை. எந்த விளம்பர நிறுவனமும் எழுதித் தராத ஒரு வாழ்த்து, நூற்றுக்கணக்கான ஊர்களில் ஒரே நாளில் கோடிக்கணக்கான நாவுகளில் ஒலிக்கிறது. அவ்வாழ்த்தைச் சொல்வதற்குக் கையில் மிட்டாய் இருந்தாக வேண்டும். தனக்காக வாங்குவோரைவிடப் பிறருக்குக் கொடுப்பதற்காக வாங்குவோரே மிகுதி. சிறியோர் பெரியோரை வணங்கிப் பெறுகின்றனர். அலுவலகத்தில் மேலாளருக்கும் கடைநிலை ஊழியருக்கும் ஒரே உருண்டைதான். ஆண்டு முழுதும் பேசாதிருந்த அண்டை வீட்டார் அன்று பேசுவதற்கு இதுவே வாயில்.

சங்கராந்தியோடு இது முடிவதில்லை. ரத சப்தமி வரை பெண்கள் ஒருவரையொருவர் மஞ்சள் குங்குமத்திற்கு அழைத்து, திள்கூளோடு ஏதேனும் ஒரு சிறு பொருளையும் தாம்பூலம்போல் வழங்குகின்றனர். புதுமணப் பெண்ணுக்கு முதற் சங்கராந்தியன்று ஹல்வாவைக் கோத்துச் செய்த கழுத்தணி, வளையல், காதணி, நெற்றிச்சுட்டி முதலியவற்றை அணிவித்து, கறுப்புச் சேலை உடுத்தி அமர வைக்கின்றனர். பிற மங்கல நாள்களில் தவிர்க்கப்படும் கறுப்பு நிறம் இந்த ஒருநாள் மட்டும் சிறப்புப் பெறுகிறது. கறுப்பின்மேல் வெண்ணிற ஹல்வா நகை எடுப்பாகத் தோன்றுவதைக் காணக் கண் கோடி வேண்டும். மாப்பிள்ளைக்கு ஹல்வா ஒட்டிய தேங்காயும் மாலையும் உண்டு. குழந்தைகளுக்கு 'போர்நஹாண்' என்னும் சடங்கு. இலந்தைப் பழம், கரும்புத் துண்டு, ஹல்வா ஆகியவற்றைக் குழந்தையின் தலைமேல் மெல்லப் பொழிவர். அந்தக் குழந்தைக்கும் கிருஷ்ணனுக்குரிய முடியும் புல்லாங்குழலும் ஹல்வாவாலேயே ஆனவை.

முன்னர் இவை யாவும் வீட்டில் செய்யப்பட்டன. பெண்கள் அலுவலகம் செல்லத் தொடங்கிய பின்னர் கடைகள் அவ்விடத்தை நிரப்பின. 1950-இல் புனேயில் தொடங்கப்பெற்ற சித்தளே பந்து போன்ற பெரிய இனிப்பகங்கள் முதல், மகாத்மா புலே மண்டை, துளசிபாக் ஆகியவற்றைச் சூழ்ந்த தெருவோரக் கடைகள் வரை ஜனவரி தொடக்கத்தில் எள்ளின் மணமே நிலவும். டிசம்பரில் நகரில் நடைபெறும் பீம்தடி ஜத்ரா என்னும் சந்தையில் ஊரகப் பெண்கள் குழுக்கள் தம் தயாரிப்புகளை நேரே கொண்டுவந்து விற்கின்றன. வெளிநாடு சென்ற பிள்ளைகளுக்காக ஹல்வா நகைகளைக் கூரியரில் அனுப்பும் தாய்மார்களும் இங்கு உளர்.

வியக்கத்தக்க விற்பனைதான். ஆயினும் இதன் மறுபக்கம் ஒன்றுண்டு. விற்பனை முழுவதும் சில வாரங்களுக்குள் முடிந்துவிடுகிறது. பண்டிகை கடந்த மறுவாரம் அதே பொட்டலத்தைத் திரும்பிப் பார்ப்பார் இல்லை.

ரயில் நின்ற இடத்தில் பிறந்த வணிகம்

இதே மாவட்டத்தில் இதற்கு நேர்மாறான கதை ஒன்றும் இருக்கிறது. அதுதான் லோனாவாலா சிக்கி.

மும்பைக்கும் புனேக்கும் இடையே போர் காட் என்னும் மலைச்சரிவில் ரயில் பாதை அமைக்கும் பணி 1863-இல் நிறைவேறியது. அதன்பின் இரு நகரங்களுக்கும் இடையே ரயில்கள் தடையின்றி ஓடின. செங்குத்தான அந்தச் சரிவில் ஏறுவதற்குக் கர்ஜத் நிலையத்தில் ரயிலின் பின்புறம் துணை எஞ்சின்களைப் பூட்டுவர். மலை ஏறி லோனாவாலா வந்ததும் அவற்றைக் கழற்றுவர். பூட்டவும் கழற்றவும் ரயில் நின்றாக வேண்டும். அந்தச் சில நிமிடங்களே இரு ஊர்களுக்கும் வாழ்வளித்தன. கர்ஜத்தில் உருளைக்கிழங்கு வடை புகழ் பெற்றது, லோனாவாலாவில் சிக்கி.

வெல்லமும் வேர்க்கடலையும் நெய்யும் சேர்த்துச் செய்த உருண்டையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரயில் பாதைத் தொழிலாளர்களுக்கு விற்ற ஒரு மிட்டாய்க் கடையிலிருந்தே சிக்கி வளர்ந்தது என்று அவ்வூரில் வழிவழியாகச் சொல்கின்றனர். கடும் உழைப்பாளிக்குக் கையில் எடுத்துச் செல்லத்தக்க, விரைவில் கெடாத, உடலுக்கு வலுவூட்டும் உணவு அது. பின்னர்ப் பயணிகளுக்கு ஏற்றவாறு தட்டையான வில்லையாகிப் பொட்டலத்திற்குள் புகுந்தது. மகன்லால் என்ற பெயர் அவ்வகையில் சிக்கிக்கு மறுபெயராகவே ஆயிற்று. வேர்க்கடலையோடு எள், முந்திரி, பொட்டுக்கடலை, கொப்பரை எனப் பல வகைகள் சேர்ந்தன. 2002-இல் மும்பை-புனே விரைவுச் சாலை முழுமையாகத் திறக்கப்பட்ட பின்னர் ரயில் பயணிகளோடு மகிழுந்துப் பயணிகளும் வாடிக்கையாளராயினர்.

இங்கே ஒரு முரண் உண்டு. லோனாவாலாவுக்குச் சுற்றுலாப் பயணிகள் பெருந்திரளாக வருவது மழைக்காலத்தில். அவ்வூர் மழையோ புனே நகரின் மழையைப்போல் பல மடங்கு. சிக்கியின் பாகு கண்ணாடித் தன்மையது. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும் இயல்புடையது. ஈரத்திற்குப் பகையான ஒரு தின்பண்டம் ஈரம் மிகுந்த ஊரில், மிகுந்த பருவத்தில் விற்பனையாகிறது! இதைச் சாத்தியமாக்கியது ஈரம் புகாத உறையும், அன்றன்று செய்து அன்றன்று விற்கும் விரைவும் ஆகும்.

திள்கூள் நாள்காட்டியைச் சார்ந்து வாழ்கிறது. சிக்கி வழிப்பயணியைச் சார்ந்து வாழ்கிறது. முன்னதற்கு ஆண்டில் ஒரு பருவம். பின்னதற்கு ஆண்டு முழுதும் சந்தை. இந்த வேறுபாட்டின் பொருளை நாம் ஏட்டில் கற்கவில்லை. ஓர் அடுப்பின் அருகே நின்று கற்றோம்.

அணைந்திருந்த அடுப்பு

பழைய நகரின் பேட்டைகளுள் ஒன்றில் ஹல்வா நகை செய்யும் பெண்மணி ஒருவர் நம் கிளையின் வாடிக்கையாளர். இங்கே பெண்களைத் 'தாயி' என்று அழைப்பது வழக்கம். நம் 'அக்கா' என்பதற்கு இணையான சொல் அது. தாயியோடு ஐந்து பெண்கள் வேலை செய்கின்றனர். ஒரு நவம்பரில் அவர் முத்ரா திட்டத்தின்கீழ் 3 லட்சம் ரூபாய் கடன் கேட்டு வந்தார். எள்ளும் சர்க்கரையும் மொத்தமாக வாங்க ஒரு பகுதி. வறுக்கும் பொறியும் உறை ஒட்டும் பொறியும் வாங்க மறுபகுதி. ஆவணங்கள் ஒழுங்காக இருந்தன. நாம் முழுத் தொகையையும் மூன்றாண்டுக் காலக் கடனாக வழங்கி, மாதத் தவணை விதித்தோம். தவணை ஏறத்தாழ 9,700 ரூபாய்.

டிசம்பர் முதல் மே வரை தவணை தவறாது வந்தது. ஜூனில் வரவில்லை. ஜூலையிலும் வரவில்லை. தவணை 90 நாள்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் கணக்கு வாராக் கடன் என வகைப்படுத்தப்படும் என்பது வங்கி விதி. அவ்வாறு ஆனால் அவருடைய கடன் வரலாற்றில் கறை படியும்; அடுத்த நவம்பரில் எள் வாங்க எந்த வங்கியும் எளிதில் கடன் தராது. ஐந்து பெண்களின் பருவக் கூலியும் அதோடு போகும். ஆகஸ்ட் முற்பகுதியில், மழை தூறிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில் நாம் அவர் வீட்டுக்குச் சென்றோம்.

முன்னறையில் கரியடுப்புகள் சாக்கு மூடிக் கிடந்தன. மூலையில் விற்காமல் எஞ்சிய ஹல்வா நகைப் பெட்டிகள் இரண்டு. ஒன்றைத் திறந்து காட்டினார். ஈரத்தில் முள்கள் கரைந்து, மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. தேநீர் தந்துவிட்டுத் தாயி சொன்னார்: "சாகேப், எங்கள் சூரியன் ஆண்டுக்கு ஒருமுறைதான் மகரத்துக்கு வருகிறான். உங்கள் தவணை மாதந்தோறும் வருகிறதே."

அவர் குறை சொல்லும் தொனியில் அதைச் சொல்லவில்லை. எனினும் அச்சொல் நம்மைச் சுட்டது. பிழை அவருடையதன்று, நம் கணக்கீட்டினுடையது. பொறி வாங்குவதற்கான பணமும் எள் வாங்குவதற்கான பணமும் வெவ்வேறு இயல்புடையவை. பொறி பல ஆண்டுகள் உழைக்கும்; அதன் கடனைப் பல ஆண்டுகளில் செலுத்துவது முறை. எள்ளோ நவம்பரில் வாங்கி ஜனவரியில் பணமாகிவிடும். அந்தப் பணம் பிப்ரவரியிலேயே வங்கிக்குத் திரும்பிவிட வேண்டும். நாம் இரண்டையும் ஒரே பானையில் இட்டுக் கிண்டிவிட்டோம். ஜனவரியில் கைக்கு வந்த தொகையைத் தாயி கூலிக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் செலவிட்டிருந்தார். கேட்கப்படாத பணத்தைக் கட்டாமல் இருந்தது அவர் குற்றமாகுமா?

விநாயகர் சதுர்த்திக்கு இன்னும் மூன்று வாரமே இருந்தது. மராட்டிய மாநிலத்தில் அப்போது விநாயகருக்குப் 'பஞ்சகாத்ய' என்னும் பிரசாதம் படைப்பர். கொப்பரை, பேரீச்சை, கசகசா, கற்கண்டு, உலர் திராட்சை என ஐந்தும் மராத்தியில் ககர ஒலியில் தொடங்கும் பொருள்கள். அதைக் கலந்து பொட்டலமிடத் தேவைப்படும் உறை ஒட்டும் பொறி தாயியிடம் சும்மா கிடந்தது. இந்த யோசனை நமதன்று. உடன் வேலை செய்யும் பெண்களுள் இளையவர் சொன்னது. பேட்டையின் கணபதி மண்டலங்கள் இரண்டு முன்பணத்தோடு வேலை கொடுத்தன. 90 நாள் எல்லைக்குள் ஜூன், ஜூலை நிலுவைகள் கட்டப்பட்டன. கணக்குப் பிழைத்தது.

அடுத்த நவம்பரில் எள் கொள்முதலுக்கெனத் தனியாக, வங்கி மொழியில் கேஷ் கிரெடிட் எனப்படும் ரொக்கக் கடன் வரம்பு வழங்கினோம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை உயர்ந்த வரம்பு. ஏனைய மாதங்களில் குறைந்த வரம்பு. எடுத்த தொகைக்கும் எடுத்திருந்த நாள்களுக்கும் மட்டுமே வட்டி. ஆண்டு வட்டி 10 விழுக்காடு எனக் கொண்டால், 2 லட்சம் ரூபாயை மூன்று மாதம் பயன்படுத்தினால் வட்டி 5,000 ரூபாய். ஆண்டு முழுதும் வைத்திருந்தால் 20,000 ரூபாய். வித்தியாசம் ஒரு பெண்ணின் பருவக் கூலிக்குக் குறைவானதன்று. எள் அறுவடை செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் முடிவதால், சங்கராந்தி நெருக்கத்தில் வாங்குவதைவிட முன்கூட்டியே வாங்குவதில் பொதுவாக ஆதாயமும் உண்டு. கையில் உரிய காலத்தில் பணம் இருந்தால்தான் அது கைகூடும்.

பெயரும் உறையும்

தாயியின் தொழில் இப்போது ஆண்டில் ஏழெட்டு மாதம் நடக்கிறது. ஆடி கழிந்து வரும் ஷ்ராவண மாத விரதங்களுக்கு வேர்க்கடலைச் சிக்கியும் கீரைவிதை லட்டும், சதுர்த்திக்குப் பஞ்சகாத்யமும், மார்கழி முதல் எள்ளும் ஹல்வாவும் அடுப்பேறுகின்றன. ஹல்வா நகைகளை ஈரம் புகாத உறையில் இடுகிறார். செய்த நாள், பயன்படுத்த வேண்டிய கால எல்லை, நிகர எடை, சைவக் குறி, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்கப் பதிவு எண் ஆகியவற்றை உறைமேல் அச்சிடுகிறார். இவை இல்லாதபோது தெருமுனையில் மட்டும் விற்ற சரக்கை, இப்போது அங்காடிகள் தயங்காமல் வாங்கிக்கொள்கின்றன.

பெயருக்கும் ஒரு மதிப்பு உண்டு. லோனாவாலாவில் புகழ் பெற்ற ஒரு பெயரை ஒத்த பெயர்ப்பலகைகள் பல தொங்குவதைப் பயணிகள் கண்டிருப்பர். பெயர் புகழ் பெற்றால் அதைப் பிறர் எடுத்துக்கொள்வதும் இயல்பு. ஓர் ஊருக்கே உரிய பொருளைக் காப்பதற்காக ஏற்பட்டதே புவிசார் குறியீடு. 1999-இல் சட்டமாகி 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த இந்த ஏற்பாட்டின் பதிவகம் நம் சென்னையில்தான் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்து மொரேனாவின் எள் கஜக் 2023-இல் இக்குறியீட்டைப் பெற்றது. வெல்லப் பாகை இழுத்து இழுத்து வெளுக்கச் செய்து, எள்ளோடு சேர்த்து இடித்து அடுக்கடுக்காக்குவது அதன் தனிச்சிறப்பு. திள்கூளுக்கு வெல்லம் தரும் கோலாப்பூரின் வெல்லமும் இக்குறியீடு உடையதே. தமிழகத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019-இலும், கோவில்பட்டி கடலைமிட்டாய் 2020 ஏப்ரலிலும் இதைப் பெற்றன.

இக்குறியீடு தனி ஒருவருக்கு உரியதன்று. உற்பத்தியாளர் கூட்டமைப்பு விண்ணப்பித்துப் பெறுவது. அப்பகுதியில் உரிய முறையில் செய்யும் ஒவ்வொருவரும் பயனாளராகப் பதிந்து பயன்படுத்தலாம். பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்தல் வேண்டும். சிறு உற்பத்தியாளர்கள் ஒன்றுகூட இதைவிடச் சிறந்த காரணம் வேறில்லை.

நம் வாசகர்களுக்குச் சில சொற்கள்

எள்ளுருண்டை, கடலைமிட்டாய், கமர்கட், அதிரசம், முறுக்கு என்று வீட்டிலிருந்தே தொழில் செய்வோர் நம் வாசகருள் பலர் இருப்பர். அவர்களுக்கு நாம் சொல்ல விரும்புவன இவை.

கடன் கேட்டு வங்கிக்கு வரும்போது உங்கள் தொழிலின் பன்னிரண்டு மாதக் கணக்கை ஒரே தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். எந்த மாதத்தில் பணம் செலவாகிறது, எந்த மாதத்தில் திரும்புகிறது என்பதை அது காட்டட்டும். பொறிக்குக் காலக் கடன், சரக்குக்கு ரொக்கக் கடன் எனப் பிரித்துக் கேளுங்கள். அதிகாரி கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள்.

முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண் என்னும் பிரிவுகளில் ஈட்டுப் பிணையின்றிக் கடன் பெறலாம். உணவுத் தொழிலுக்கென 2020 ஜூனில் தொடங்கப்பட்ட பிரதமரின் குறு உணவு பதப்படுத்தும் நிறுவனங்கள் முறைப்படுத்தல் திட்டம், தகுதியுள்ள திட்டச் செலவில் 35 விழுக்காடு, உச்ச அளவாக 10 லட்சம் ரூபாய் வரை மானியம் தர வகை செய்தது. உத்யம் பதிவு இலவசமாக இணையத்தில் செய்யத்தக்கது. இத்திட்டங்களின் நடப்பு விதிகளையும் கால எல்லையையும் அருகிலுள்ள கிளையில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

தவணை தவறப் போகிறது என்று தெரிந்தால், தவறிய பின்னர் வருவதைவிடத் தவறுமுன் வாருங்கள். 90 நாள் என்பது நீண்ட காலம்போல் தோன்றும். மழைக்காலத்தில் அது விரைந்து கழிந்துவிடும்.

இறுதியாக ஒன்று. சென்ற சங்கராந்தியன்று காலை தாயி நம் கிளைக்கு வந்தார். கையில் ஒரு சிறு பெட்டி. உள்ளே வெண்மையாக முள் எழும்பிய ஹல்வா. ஒரு பிடி அள்ளி நம் உள்ளங்கையில் வைத்தார். இம்முறை நம் கை தயங்கவில்லை. மகிழ்ந்து வாங்கிக்கொண்டோம். பின்னர், சங்கராந்தி வாழ்த்தோடு, அந்த ஆண்டுக்கான தாளையும் எடுத்து மேசையில் விரித்தார். பன்னிரண்டு மாதமும் அதில் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. ஒரு மாதமும் வெறுமையாக இல்லை என்று சொல்ல இயலாது. ஏப்ரலும் மேயும் இன்னும் வெறுமையாகவே இருந்தன. "அந்த இரண்டுக்கும் என்ன செய்யலாம், சாகேப்?" என்று கேட்டார்.

எள்ளை வாயிலிட்டுக்கொண்டு, இருவரும் அமர்ந்து கணக்குப் பார்க்கத் தொடங்கினோம்.